ரத்தம் மாற்றிய பிறகும்

அறுபதுகளின் நடுவில், ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் கடந்து, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு மூன்றாவது பிரசவம் நடந்தது. மூத்தவள் ஒரு குறையுமின்றிப் பிறந்தாள். அடுத்த ஆண் குழந்தை பிறந்த மறுநாளே உடல் மஞ்சளித்துப் பரமபதித்துவிட்டது. இம்முறையும் பெண். பொழுது சாய்வதற்குள் இவள் மேனியிலும் மஞ்சள் ஏறத் தொடங்கிற்று.

குழந்தைக்கு அதன் தகப்பனார் வழியாக வந்த ரத்தவகை என் உடம்புக்கு அந்நியமானது என்றார் டாக்டரம்மா. அதை எதிர்க்க என் உடம்பு உண்டாக்கிய பொருள் கருவிலேயே குழந்தைக்குள் புகுந்து, அதன் ரத்தத்தை அழித்துக்கொண்டிருக்கிறதாம். தொப்புள் வழியே பழைய ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து, பொன்மலை ரயில்வே ஊழியர் ஒருவர் கொடுத்த ரத்தத்தைச் செலுத்தினார்கள். குழந்தையின் நிறம் தெளிந்தது.

"பழசெல்லாம் போயிடுத்து. புளி போட்டுத் தேய்ச்ச பாத்திரமாட்டம் ஆயிடுத்து குழந்தை" என்றார் என் மாமியார். சற்றுப் பொறுத்து, "இனிமே உன் பால் வேண்டாம்டியம்மா. உன் ரத்தந்தானே பாலாறது?" என்றார்.

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. பசும்பாலைக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டினோம். கட்டிக்கொண்ட பாலை நான் கிண்ணத்தில் பீய்ச்சினேன். தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் கொட்டுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. செடியின் வேரில்தான் விடுவார்கள். வராந்தாவை ஒட்டி நந்தியாவட்டை நின்றது. மாமியார் கிண்ணத்தோடு அதைக் கடந்து சாக்கடைக்குப் போனார்.

"செடி பட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்குடி" என்றார் திரும்பி வந்து. அந்தக் குரலில் வெறுப்பு இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். இல்லாததனால் தலை குனிந்தேன்.

பிரசவத் தீட்டில் பாசுரங்களை வாய்விட்டுச் சேவிக்கக்கூடாது. நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்ளத் தடையில்லை. பிள்ளையைப் பாலுண்ண அழைக்கும் பாசுரங்கள் சிறுவயது முதல் எனக்குப் பாடம். அவை தாமாக உள்ளே எழுந்தபோதெல்லாம், சொல்லத் தகுதியற்றவள் என்று கூசி, பாதியிலேயே அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை குழந்தையின் கண்ணில் மஞ்சள் திரும்பியிருந்தது. பாலாடையையும் அவள் ஏற்கவில்லை.

"ராத்திரி யாருக்கும் தெரியாம குடுத்தியா?" என்று கேட்டார் மாமியார்.

"இல்லேம்மா."

"தொட்டுண்டே இருந்தியே."

நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தொட்டிலைக் காலால் கொஞ்சம் அப்பால் தள்ளினேன். பெற்ற பிள்ளையைக் காலால் தள்ளியதை இன்று எழுதும்போதும் உடம்பு குறுகுகிறது. கை பட்டால்கூட விஷம் ஏறிவிடும் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

டாக்டரம்மா வந்து, தாய்ப்பால் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். மாமியார் காரணத்தைச் சொன்னார்.

"உங்க மருமக நல்ல பாம்பா மாமி, விஷம் கக்குறதுக்கு?" என்றார் டாக்டரம்மா. பிறகு என் கட்டிலில் அமர்ந்தார். "பால்ல அது கொஞ்சம் இருந்தாலும் வயித்துல செரிச்சுப் போயிடும்மா. ரத்தத்துக்குப் போகாது. மஞ்சள் திரும்பினதுக்குக் காரணம் வேற. நேத்து நாங்க எடுத்தது ரத்தத்துல இருந்ததை மட்டுந்தான். குழந்தையோட சதையிலயும் அது ஊறியிருக்கு. ரத்தத்துல குறைஞ்சதும் அங்கேயிருந்து கசிஞ்சு திரும்ப ரத்தத்துக்கு வருது. கிணத்தை இறைச்சா சுத்தி இருக்கிற மண்ணுலேருந்து தண்ணி வருதில்ல, அப்படி."

"அப்போ இறைச்சுண்டே இருக்கணுமா?" என்றார் மாமியார்.

"இன்னொரு தடவை மாத்திப் பார்க்கலாம். குழந்தைக்குள்ள அதுக்கு ஊத்து கிடையாது. ஊறியிருக்கிறது வடிஞ்சா தீர்ந்துது."

ஊற்று எங்கே இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. நானே கேட்டேன்: "என் ரத்தத்துலேருந்து அதை எடுத்துட முடியாதா டாக்டர்?"

"எடுத்தாலும் நிக்காதுங்க. சதையில இருக்கிறது முதல்ல வந்து சேரும். அப்புறம் உடம்பே புதுசா செஞ்சு நிரப்பிக்கும். உங்க உடம்புக்கு அது நோய் இல்லம்மா, காவல். ஒரு தடவை கத்துக்கிட்டதை அது மறக்காது."

என் பிள்ளைக்கு எதிராக எனக்குள் ஒரு காவல். நான் ஏவாமலே அது நிற்கிறது, விலக்கினாலும் வந்துவிடும். அடியேன் என்பது ஆத்மா, சரீரம் வேறு என்று நாள்தோறும் பிரித்துப் பேசப் பழகியவள்தான். அன்று அந்தப் பிரிவு எனக்கு உதவவில்லை.

என் அகத்துக்காரர் அலைந்து இன்னொரு பாட்டில் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்தார். இரண்டாம் முறை மாற்றியபின் மஞ்சள் சற்றே தலைகாட்டி, பிறகு தானாக இறங்கியது; மூன்றாவது முறைக்கு அவசியமில்லை என்றார்கள். டாக்டரம்மா குழந்தையைத் தூக்கி வந்து என் மார்பில் வைத்தார். மாமியார் என் முழங்கைக்கு அடியில் தலையணையை நகர்த்தினார். குழந்தை வாயைத் திறந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

"முழிச்சுப் பாருடி" என்றார் மாமியார். "மூக்கு அமுங்கறது. மூச்சு முட்டறது பாரு அதுக்கு."