கொஞ்சம் பூசினாப்பல

எங்கள் வீட்டில் யாரையும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும், இல்லையென்றால் மனசு புண்படும். இரண்டுமே வேண்டாம் என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள்: பூசினாப்பல. அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் சொன்னதும் அதுதான். "பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்கும், மத்தபடி லட்சணம்." அப்போது அக்காவுக்கு இருபது வயது, சொல் பொருத்தமாகத்தான் இருந்தது. முப்பத்து நாலு வயதில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டிவந்தபோதும் அக்கம்பக்கத்தில் அதே சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லைப் பிரெஞ்சில் எழுதி அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. முதலியார்பேட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா இறந்துபோனாள், மில் வேலையில் ஓய்ந்துபோன அப்பாவும் பின்னாலேயே போய்விட்டார். என்னை வளர்த்தது, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வகுப்பில் சேர்த்தது, டைப்ரைட்டிங் படிக்க வைத்தது எல்லாம் அக்காதான். அவளுடைய புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பட்டாளம் விட்டதும் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போவார்.

அக்காவை அழைத்துப்போக அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. காகிதமெல்லாம் எப்போதோ சரியாகிவிட்டது. குறுக்கே நின்றது மாடிப்படி. அவர் இருந்த வீடு ஐந்தாவது மாடி, லிப்ட் கிடையாது. அக்காவால் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கே ஏற முடியாது. ஆறாவது படியில் மூச்சு வாங்கும், அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

"ஒரு மாடிக்கு எத்தினி படிடி இருக்கும்?"

"பதினெட்டுன்னு வெச்சுக்கோயேன்."

"அப்ப தொண்ணூறா? யப்பா, கைலாசத்துக்கே அவ்ளோ இருக்காது."

சிரிப்பாள். ஆனால் தினமும் அந்த ஆறு படி ஏறிப் பார்ப்பதை விடவில்லை. அந்த ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டு, இங்கே பகல் பதினோரு மணி ஆனால் "இப்பதான் எழுந்து காப்பி போடுவாரு" என்பாள். மாலையில் "மத்தியானச் சோறு தின்னாரோ இல்லியோ" என்பாள். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் ரயில் தெரியும், குழாய் சொட்டும், உப்பு டப்பா மேல் தட்டில் இருக்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் வாசித்துக் காட்டும் கடிதங்களைக் கேட்டே அந்த வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குச் சில நாள் பாவமாக இருக்கும், சில நாள் எரிச்சலாக வரும்.

ஒரு நாள் மாமாவின் கடிதம் கொஞ்சம் தடிமனாக வந்தது. அங்கே ஓர் ஆபரேஷன் செய்கிறார்களாம். இரைப்பையில் பாதியைத் தையல் போட்டு அடைத்துவிட்டால் சாப்பாடு குறையும், ஒரு வருஷத்தில் உடம்பு பாதியாகும். அந்த ஊர் அரசாங்க இன்சூரன்சே செலவை ஏற்கும். ஆனால் முதலில் அனுமதி கொடுக்க வேண்டும். அதற்கு, அக்காவை வருஷக்கணக்காகப் பார்த்துவரும் டாக்டர் ஒருவர் பிரெஞ்சில் கடிதம் தர வேண்டும். எடை என்ன, என்னென்ன செய்து பார்த்தும் குறையவில்லை, உடம்பால் என்னென்ன கஷ்டம் என்று விவரமாக இருக்க வேண்டும். கடிதத்தைத் தன் விலாசத்துக்கே அனுப்பச் சொல்லியிருந்தார், அவரே கொண்டுபோய்க் கொடுப்பாராம்.

அக்கா அந்தக் கடிதத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். "பாதியாவுமா? பாதின்னா நான் எந்தப் பாதிடி?" என்றாள். கண் மின்னியது.

சாரம் பகுதியில் இருந்த எங்கள் டாக்டர் நல்ல மனுஷன், ஆனால் சிடுமூஞ்சி. பத்து வருஷமாக அக்காவைத் திட்டியே வைத்தியம் பார்த்தவர். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குப் பிரெஞ்சு அரைகுறைம்மா. நான் விவரம் சொல்றேன், நீ பிரெஞ்சுல டைப் அடிச்சுக் கொண்டா. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தரேன்" என்றார். அக்காவை எடைப் பலகையில் ஏறச் சொன்னார். முள் நூற்றிருபதைத் தாண்டி ஓடிக் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. "இதுல இதுக்கு மேல எண்ணே இல்ல. வேற எங்கனா நிறுத்துட்டு வாங்க."

வேறு எங்கே போவது? நான் தட்டாஞ்சாவடியில் ஒரு இரும்புப் பட்டறையில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே பழைய இரும்பு நிறுக்கத் தரையோடு பதித்த பெரிய தராசு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்து, அக்காவை சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றி, பின்னால் நான் சைக்கிளில் போனேன். துருவும் எண்ணெயும் படிந்த அந்தப் பலகையில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள், கோயிலுக்குள் போவதுபோல. "இன்னாங்க, பழைய இரும்பு ரேட்டுதானா, இல்ல கொஞ்சம் சேத்துக் குடுப்பீங்களா?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நூற்று முப்பத்து நாலு. நான் எண்ணைப் படித்துச் சொன்னதும் அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

டாக்டர் சொன்னதை நான் தமிழில் குறித்துக்கொண்டிருந்தேன். குனிந்து தன் காலைத் தானே கழுவ முடியாது. படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்துதான் தூக்கம். தொடையிடுக்கில் புண் ஆறுவதே இல்லை. பத்தியம் நாலு முறை இருந்து நாலு முறையும் விட்டாள். இவ்வளவையும் பிரெஞ்சில் அடிப்பதற்கு முன்னால் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் கேட்கவில்லை.

"அதெல்லாம் எழுதாதடி."

"டாக்டர் சொன்னதுதான்கா இது. எழுதலன்னா எப்பிடி அனுமதி குடுப்பான்?"

"யாரு மொதல்ல படிப்பா? அவருதான படிப்பாரு? புண்ணு, காலு கழுவறது... அய்யய்யோ. எனக்கு வெக்கமா இருக்குடி. நூத்தி முப்பத்தி நாலுன்னு அவரு கண்ணுல படக்கூடாது. மூணு எண்ணு வேணாம், ரெண்டு எண்ணா போடு."

நான் வாதாடியிருக்க வேண்டும். வாதாடுவதில் நான் குறைந்தவள் இல்லை, பட்டறை முதலாளியே என் வாய்க்குப் பயப்படுவார். ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எடை தொண்ணூற்றெட்டு என்று அடித்தேன். புண்ணை விட்டேன், மூச்சு முட்டுவதை விட்டேன். வீட்டு வேலையெல்லாம் தானே செய்துகொள்கிறார் என்று சேர்த்தேன். உடம்பைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். பிரெஞ்சில் அதற்குக் கறாரான வைத்தியச் சொல் இருக்கிறது, எனக்கும் தெரியும். விரல் அதன் பக்கம் போகவில்லை. 'அன் பெ ஃபோர்த்' என்று அடித்தேன். பூசினாப்பல என்பதற்கு அதைவிடச் சரியான பிரெஞ்சு கிடையாது. அந்த மெஷினில் பிரெஞ்சு எழுத்துகளுக்கு மேல் வரும் கோடுகள் இல்லை, ஒவ்வொன்றாகப் பேனாவால் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

டாக்டர் அறையில் அன்றைக்கு ஒரே கூட்டம். எடையைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். பார்க்கவில்லை. "நீ படிச்ச பொண்ணு, சரியாத்தான் எழுதியிருப்ப" என்று சொல்லிக்கொண்டே நேராக அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரையைக் குத்தினார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே உறையில் இரண்டு காகிதம். ஒன்று அனுமதி மறுப்பு: கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்புக்கு ஆபரேஷன் தேவையில்லை, உணவைக் குறைத்தால் போதும். இன்னொன்று மாமாவின் கடிதம். அவர் வருத்தப்படவே இல்லை. எழுத்தெல்லாம் குதித்துக்கொண்டு இருந்தது. "தொண்ணூற்றெட்டா! என்னிடம் சொல்லாமலே இவ்வளவு இளைத்திருக்கிறாயே, கெட்டிக்காரி! இனி ஆபரேஷன் எதற்கு? தொண்ணூறு படி உனக்கு ஒரு பொருட்டா? அடுத்த லீவில் வந்து கையோடு கூட்டி வந்துவிடுகிறேன்."

அக்கா கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "கூட்டி வந்துடறேன்னு எழுதினாரு இல்ல, அந்த எடத்த மட்டும் இன்னொரு தரம் படிடி" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அன்று மாலையே சாரத்துக்கு ஓடி டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வாயில் வந்தபடி திட்டினார். "ஏம்மா, நான் கேட்டது வைத்தியக் கடிதம். நீ எழுதினது கல்யாணத் தரகன் கடிதம். உனக்கு மூளை இருக்கா?" திட்டிக்கொண்டே தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், தப்பும் தவறுமாக, தன் கையாலேயே எல்லாவற்றையும் எழுதினார். நூற்று முப்பத்து நாலு, புண், மூச்சு, கால். உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தார்.

அக்கா அதைத் தொடவில்லை. "வேணாம்டி. அவரு சந்தோஷமா இருக்காரு. இருக்கட்டும். லீவுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு, அதுக்குள்ள நானே எளச்சுக் காட்டறேன் பாரு." காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் அரை வயிறு, ராத்திரி ஒன்றும் இல்லை. ஆறு படி ஏழாயிற்று, எட்டாயிற்று. பிறகு முழங்கால் வீங்கி, ஐந்துக்கு வந்தது. கடிதம் என் கைப்பையில் கிடந்தது. பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு தபால்பெட்டி உண்டு. அதைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளை மிதித்தேன். அக்காதானே வேண்டாம் என்றாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மாமா வந்தார். டாக்சியிலிருந்து இறங்கி நிமிர்ந்தபோது அக்கா புதுப்புடவையில் வாசற்படியில் நின்றாள். ஒரு கணம் அவர் கண் அக்காவைத் தாண்டி வீட்டுக்குள்ளே தேடியது, வேறு யாரோ வெளியே வரப்போவதுபோல. ஒரே கணம்தான். உடனே சிரித்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு மாதம் முழுக்க எடையைப் பற்றி, படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு வாங்கி வந்திருந்த கம்பளிக் கோட்டை அவர் பெட்டியில் நான் பார்த்தேன், அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. திரும்பப் போகும்போது சொல்லாமலே அதையும் எடுத்துப் போய்விட்டார். அந்தக் கண் தேடியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்துவிட்டாள்.

அவர் போன மறுநாள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த டாக்டர் குடுத்த கவரு எங்கடி?"

"பையிலதான்கா இருக்கு."

"நான் வேணாம்னா நீ கேட்டுக்கறவளா? என்னிக்கு நான் சொன்னத நீ கேட்டிருக்கற? ஏன் போடல?"

நான் குனிந்து அவள் தட்டிலிருந்து ஒரு கீரைத்தண்டை எடுத்துக் கிள்ளினேன்.

"நான் போயிட்டா நீ தனியா இருக்கணும்னுதான?"

ஆமாம் என்று சொன்னேன். முதல் கடிதத்தை அடிக்கும்போதும் அதுதான் மனசில் இருந்தது என்பதையும் சொன்னேன். அன்றைக்கு அவள் வெட்கப்பட்டாள், நான் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது. அக்கா கீரைத் தட்டைத் தரையில் வைத்தாள்.

"பைத்தியக்காரி. போவாதக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேனே. நீ சொல்லி நான் எதடி மாட்டேன்னேன்? அந்த மனுஷனுக்கு மட்டும் ஆசை காட்டாம இருந்திருக்கலாம்."