வேளச்சேரிக்குப் போன வண்டி

எனக்கு உயரம் குறைவு. பல வருஷம் ஒரு சின்னக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். லஸ் முனையில் பஸ் ஓட்டுகிறவர்களின் கண்ணில் நான் படவே மாட்டேன். ஆட்டோக்கள் என் முன்னால் மூக்கை நுழைத்துவிட்டுப் போகும். அந்தக் கார் ஓய்ந்தபோது, இனி வாங்கினால் மேலே உட்கார்ந்து கீழே பார்க்கிற வண்டிதான் என்று முடிவு செய்தேன். மயிலாப்பூரில் வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறவளுக்கு இப்படி ஓர் ஆசை.

"இங்க எந்த மலைல ஏறப் போறே?" என்றார் என் கணவர்.

நந்தனத்தில் பழைய சொகுசு வண்டிகள் விற்கிற ஒரு கடையில் அதைப் பார்த்தேன். கருநீல நிறம், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் இழுவை, பழுப்புத் தோல் இருக்கைகள். "ஒரே ஓனர் மேடம், டாக்டர் வச்சிருந்தாரு" என்ற விற்பனையாளர் உள்ளே ஒரு பட்டனை அழுத்தினார். காற்றுப் பைகளின் மேல் நிற்கிற வண்டியாம் அது. யானை எழுந்திருப்பது போல் மெல்ல உயர்ந்தது. "வெள்ளம் வந்தாலும் நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கலாம்." ஏறி உட்கார்ந்தேன். அண்ணா சாலையில் போகிற பஸ்ஸின் ஜன்னலோர முகங்கள் என் கண்ணுக்கு நேராக வந்தன. அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் அது நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. கண்ணாடிகளை மடக்கித்தான் நிறுத்த வேண்டும். அதைப் பற்றிய வெட்கம் எனக்கு அப்போது வரவில்லை. மாறாக, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் வெள்ளத்தில் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு மாமியிடம் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

சில மாதங்களில் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் வாசலுக்கு வந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தள்ளுவண்டியில் காய் விற்கிறவர் நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னாமா, வண்டி குந்திக்கினு கீது?"

கிளப்பினதும் எழுந்துகொண்டது. அப்புறம் அடிக்கடி அப்படி. எழுந்துகொள்கிறதே என்று விட்டுவிட்டேன். ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால் என் கணவருக்குத் தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

அந்த வருஷ மழையில் வேளச்சேரி மறுபடி மூழ்கியது. மதியம் எதிர் வீட்டு மாமி குடையில்லாமல் ஓடி வந்தார். அவருடைய பெண் அங்கே முதல் மாடியில் இருந்தாள். சின்ன வயதில் என்னிடம் கணக்குப் படித்தவள். நிறைமாதம். மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார்.

"அவ ஆத்துல கரண்ட் இல்லையாம். தண்ணி ஏறிண்டே இருக்காம். உன் வண்டி வெள்ளத்துல போகும்னு சொல்லுவியே, போய் அழைச்சுண்டு வந்துடலாமா?"

மஞ்சள் விளக்கைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். "ஏறுங்கோ மாமி" என்றேன்.

அடையாறு தாண்டும்வரை பிரமாதமாகப் போனது. வேளச்சேரியில் தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு ஏறியபோது பட்டனை அழுத்தினேன், உயர்ந்தது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் இருக்கிற தெருவுக்குள் திரும்பியதும் போன் செய்தேன். "நான் வந்துட்டேன், கீழே இறங்கி கேட்டுக்கு வந்துடும்மா."

வந்துவிட்டாள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில், ஒரு கையால் கேட்டையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் விளக்கு சிவப்பானது. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். வண்டி தண்ணீருக்குள் உட்கார்ந்தது. எஞ்சினும் நின்றது. கதவிடுக்கு வழியாகக் கறுப்புத் தண்ணீர் கால்களுக்கு வந்தது.

மாமி அழ ஆரம்பித்தார். அம்மா அழுவதைப் பார்த்து அந்தப் பெண் எங்களை நோக்கி நடந்து வந்தாள். வராதே என்று கத்தினேன், மழையில் கேட்கவில்லை. வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"மிஸ், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

மாடியில் உலர்ந்து உட்கார்ந்திருந்தவளை நான்தான் இறக்கி நிறுத்தியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் பின்னால் வந்தது. என் வண்டி தெருவை அடைத்துக் கிடந்ததால் அதனால் தாண்ட முடியவில்லை.

"யாரு வண்டிமா இது? வழியை அடைச்சிக்கினு கீது!" என்றார் ஓட்டுகிறவர்.

"என்னோடதுதான்" என்றேன். டிராக்டரில் வயசானவர்கள், துணிமூட்டைகள், ஒரு கைக்குழந்தை. எல்லோரும் நனைந்தபடி காத்திருக்க, ஆண்கள் இறங்கி என் வண்டியைத் தள்ளினார்கள். நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. கைக்குழந்தைக்காரி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கர்ப்பிணியையும் மாமியையும் தூக்கி ஏற்றினார்கள். எனக்கும் ஒருவர் கை கொடுத்தார்.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு அந்த நாட்களில் தூக்கம் இல்லை. நல்லவேளையாக, அடையாறு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை. மாமி கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "எங்களுக்காக வண்டியையே வெள்ளத்துல விட்டுட்டா." என் வீட்டுக்கு மைசூர்பாகு வந்தது. அதை நான் வாயில் வைக்கவில்லை. என் கணவர் சாப்பிட்டார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மாமியிடம் சொன்னேன். "வண்டி முன்னாடியே சரியில்லை மாமி. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வந்தேன்."

மாமி கையில் மடித்துக்கொண்டிருந்த குழந்தைத் துணியைத் திரும்பப் பிரித்தார். மறுபடி மடித்தார். "குழந்தை எழுந்துண்டுட்டா போலிருக்கு" என்று உள்ளே போனார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அதற்கப்புறமும் மாமி பேசுகிறார், சிரிக்கிறார், கோலமாவு இருக்கிறதா என்று கேட்கிறார். வண்டி ரிப்பேராகி வந்துவிட்டது. உள்ளே சாக்கடை வாடை மட்டும் போகவில்லை. நேற்று பேத்திக்குத் தடுப்பூசி போடும் நாள் போலிருக்கிறது. மாமியும் அவர் பெண்ணும் துணியில் சுற்றிய குழந்தையோடு வாசலில் நின்று ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். ஆட்டோ வர நேரமானது. நான் சாவியைக் கையில் எடுத்தேன். ஜன்னலுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.