வெள்ளைக்காரரின் பத்தொன்பது சட்டைகள்

ஒன்பதாம் எண் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்து விளக்கின் கீழே நிற்கிறார். மாலை ஆறரை மணி. இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. பனியனோடு நின்றபடி சட்டையை இரண்டு தோள்களிலும் பிடித்து விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி முன்பக்கம் பார்க்கிறார். திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். கைமடிப்பைப் பிரித்து உள்ளே பார்க்கிறார்.

“எக்ஸ்ரே பாக்குற டாக்டர் கெட்டார் போங்க” என்கிறார் மனைவி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவர் என்பதால் எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர்களைத் தினமும் பார்க்கிறார். “பிரஷ் போட்டுத் தேய்க்கிறது நானு. நீங்க பாத்து என்ன ஆகப்போகுது?”

“ம்” என்பார். இருபத்தாறு வருடமாக இந்தக் கேள்விக்கு இதுதான் பதில்.

லிஃப்ட் நிறுவனம் ஒன்றில் பரிசோதகர் அவர். புதிதாக மாட்டியதோ பழுது பார்த்ததோ, அவர் கையெழுத்து விழுந்த பிறகுதான் ஆள் ஏறலாம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முழுக்கை வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. அலுவலகத்தில் அவருக்கு ‘வெள்ளைக்காரர்’ என்று பெயர். அந்தப் பெயருக்கும் அவர் நிறத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

மொத்தம் பதினான்கு சட்டைகள். ஒரே கடை, ஒரே துணி, ஒரே அளவு. காலரின் உள்பக்கம் அழியாத மையில் ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டிருக்கிறார். எது நைந்து போகிறதோ அதன் எண் புதிதாக வருகிற சட்டைக்குப் போகும். அலமாரியில் வரிசை தவறி மாட்டியிருந்தால், “அஞ்சுக்கு அப்புறம் ஏழு வந்திருக்கே, ஆறு எங்க?” என்று வீட்டையே கலக்கிவிடுவார். சட்டைப் பையில் இரண்டு பேனா, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு டார்ச், இரும்பு அளவுகோல் ஒன்று. குனிந்தால் நாலும் கொட்டும். கொட்டியதை அதே வரிசையில் எடுத்து வைப்பார்.

இப்படிப்பட்டவருக்கு வந்தது ஒரு சுற்றறிக்கை. புது மேலாளருக்கு முப்பத்து நான்கு வயது. வாடிக்கையாளரைச் சந்திக்கிற எல்லோரும் அடுத்த மாதத்திலிருந்து ‘பிசினஸ் கேஷுவல்’ உடையில் வர வேண்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுப் படித்தார்.

“கேஷுவல்னா சும்மா இருக்கிறது. பிசினஸ்னா சும்மா இல்லாம இருக்கிறது. ரெண்டையும் ஒரே சட்டையில எப்படிப் பண்றது?”

“கலர் சட்டை போடணும். அவ்வளவுதாங்க விஷயம்.”

“அப்படின்னா அப்படி எழுதவேண்டியதுதானே?”

எழுதியவர்கள் எப்படி எழுதியிருந்தாலும் அவர் வெள்ளையில்தான் போனார். முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், எட்டு மாடி மருத்துவமனை ஒன்றின் நான்கு லிஃப்டுகளை ஒப்படைக்கிற குழுப் பட்டியல் ஒட்டப்பட்டது. அதில் அவர் பெயர் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடப் பார்க்காமல் கழற்றிக் கூடையில் போட்டார். மனைவி அதைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“ஆபீஸ்லயே உக்காந்து ஃபைல் பாருங்கன்னுட்டான். ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் இருக்கு.”

ஏழு வருடம் இந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆவார் என்று மனைவிக்குத் தெரியும். விடுமுறை நாளில் கடைக்குப் போனால்கூட அங்கே இருக்கிற லிஃப்டில் ஒருமுறை ஏறி இறங்கிக் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு வருகிற ஆள். வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் அன்றே போனில் சொன்னார். மகள் ஒரே வார்த்தையில் முடித்தாள்: “அம்மா, அப்பாவைக் கேக்காத. கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போ.”

இழுத்துக்கொண்டுதான் போனார். துணிக்கடையில் கழுத்தில் டேப் தொங்க நின்ற விற்பனையாளர் முதலில் கழுத்தை அளந்து பதினாறரை என்றார்.

“பதினஞ்சரை.”

“பதினாறரை சார். வேணும்னா நீங்களே பாருங்க.”

“உங்க டேப்பு இழுத்துக்கிச்சு.”

“டேப் சரியாத்தான் இருக்கு. பத்து வருஷமா மூச்சுத் திணறிக்கிட்டுத்தான் இருக்காரு. அவருக்குத்தான் தெரியல” என்று மனைவி குறுக்கே புகுந்தார்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் இருபத்து மூன்று சட்டைகள் மேசைக்கு வந்தன. கட்டம் போட்டதைப் பார்த்து, “பழைய லிஃப்டு கிரில் கேட் மாதிரி இருக்கு” என்றார். லினன் சட்டையைத் தொட்டுப் பார்த்து, “இஸ்திரி போட்டுக் கசங்குற துணி பாத்திருக்கேன், கசங்கியே நெய்ஞ்ச துணிய இப்பதான் பாக்குறேன்” என்றார். காலர் முனையில் பட்டன் வைத்ததைக் காட்டியபோது, “காலர் எங்க ஓடிப்போகப் போகுதுன்னு கட்டி வைக்கிறீங்க?” இடுப்பில் பிடிக்கிற தையலுக்கு, “இதைப் போட்டுக்கிட்டு நான் மூச்சை விடவா, வேண்டாமா?” சட்டையைக் கால்சட்டைக்குள் விடாமல் வெளியேயும் விட்டுக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொன்னதும், ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் பையைப் பற்றிக் கேட்டார்.

“இந்த மாடல்ல பாக்கெட் வராது சார்.”

“பாக்கெட் இல்லாததுக்கு சட்டைன்னு பேரா?”

விற்பனையாளர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். மனைவி அவர் திரும்பி வருவதற்குள் ஐந்து சட்டைகளை எடுத்து வைத்துவிட்டார். வான நீலம், சாம்பல், கரும்பச்சை, பொடிக் கட்டம், வெளிர் ரோஜா. ரோஜா நிறத்தைப் பார்த்து அவர் வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஐந்துக்கும் காலரில் எண் போட்டார். பதினைந்து முதல் பத்தொன்பது வரை. அதோடு சரி. திங்கட்கிழமை நீலத்தை எடுத்துப் பார்த்து, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று மாட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை வெயில் காரணமாக வந்தது. புதன்கிழமை, வரிசைப்படி அன்று நான்காம் எண்தானே வர வேண்டும் என்றார்.

அன்று மாலை மேலாளரே கூப்பிட்டுப் பேசினார். குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல். நாளை மருத்துவமனையில் ஒப்படைப்பு. வெள்ளைச் சட்டை இல்லாமல் வருவதானால் வரலாம்.

வியாழக்கிழமை காலை அவர் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தபோது அதில் ஐந்து சட்டைகளே தொங்கின. குளியலறைக்கு வெளியே இருந்த பெரிய வாளியில், பதினான்கு வெள்ளைச் சட்டைகளும் சோப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. மனைவி அவர் குளிக்கிற நேரம் பார்த்து ஒன்றுவிடாமல் அள்ளிப் போட்டிருந்தார்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?”

“நனைச்சிருக்கேன்.”

“பதினாலையுமா?”

“பதினாலையும்தான். ஒண்ண விட்டா அதைப் போட்டுக்கிட்டுப் போயிருப்பீங்க. போதும்ங்க. இந்த வீட்டுல சட்டைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல. கெஞ்சியாச்சு, பொண்ணும் சொல்லியாச்சு. இனிமே என்கிட்ட தெம்பு இல்ல.”

அவர் கரும்பச்சையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பேனாவையும் டார்ச்சையும் அளவுகோலையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் மனைவிக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று பல் மருத்துவமனையில் வந்தவர்களிடம் இரண்டு முறை தேதியைத் தவறாகச் சொன்னார்.

மாலையில் அவர் சீக்கிரமே வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். நான்கு லிஃப்டுக்கும் கையெழுத்துப் போட்டாயிற்று. மேலாளர் எல்லார் முன்னாலும் தோளில் தட்டி, “சார், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க” என்றாராம். இதையெல்லாம் அவர் சொன்ன தொனியில் சந்தோஷம் இல்லை. சட்டையைக் கழற்றினார். வழக்கம்போல் விளக்குக்கு நேரே விரித்தார். பார்த்தார். கிட்டே கொண்டுபோனார். ஜன்னலோரம் கொண்டுபோனார். டார்ச்சை அடித்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. “அதுலதான் ஒரு கறையும் இல்லையே! அப்புறம் என்ன?”

“இருக்கா இல்லையான்னு தெரியலயே. அதான் பாக்குறேன்.”

பிறகு, ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். மொட்டை மாடியில் இயந்திர அறை. மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம்தான். பிரேக் சக்கரத்துக்கு எண்ணெயே ஆகாது. எங்கேயாவது எண்ணெயை அடைத்து வைக்கிற ஒரு சீல் லேசாகக் கசிந்தால், சக்கரம் சுற்றுகிறபோது எண்ணெய் ஊசிமுனை அளவு பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாது, தடவினாலும் கைக்குச் சிக்காது. வெள்ளைத் துணியில் விழுந்தால் மட்டும் தெரியும். எந்தத் தோளில் விழுந்திருக்கிறது, எந்தக் கையில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் கசிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

“இத்தனை வருஷமா இதுக்குத்தான் பாத்தீங்களா?”

“வேற எதுக்கு?”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எங்க கேட்ட? ‘பாத்து என்ன ஆகப்போகுது’ன்னுதானே கேட்ட.”

மனைவிக்கு அந்த நேரத்தில் அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது. இருபத்தாறு வருடம் ‘ம்’ என்று சொன்ன வாய்க்கு இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கொடியில் கிடந்த பதினான்கில் ஓரளவு காய்ந்த ஒன்றை எடுத்துவந்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து ஈரம் போக அழுத்தினார். ஆவி பறந்தது. “திங்கக்கிழமை நோயாளிங்க வர ஆரம்பிச்சிருவாங்க” என்று அவர் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். “தெரியுதுங்க. கொஞ்சம் நகருங்க” என்றார் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை, தோள் தையலில் இன்னும் ஈரம் இருந்த சட்டையோடு அவர் மட்டும் மருத்துவமனைக்குப் போனார். முதல் மூன்று இயந்திரங்களும் சுத்தம். நான்காவது, ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற லிஃப்ட். அங்கே கால் மணி நேரம் நின்று வெளியே வந்தபோது வலது தோளில் கடுகைத் தூவினாற்போல் பழுப்புப் பொட்டுகள். முந்தைய நாள் போட்ட கையெழுத்தை ரத்து செய்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை மனைவி மதிய உணவு இடைவேளையில் போனில் கேட்டார். மேலாளர் கத்தியிருக்கிறார். மருத்துவமனைக்காரர்கள் மேலாளரிடம் கத்தியிருக்கிறார்கள். இவர் சட்டையைக் காட்டியிருக்கிறார். சட்டையைப் பார்த்ததும் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். சனிக்கிழமை சீல் மாற்றினார்கள், பிரேக் பட்டைகளையும் மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை இவர் மறுபடியும் வெள்ளையில் போய் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை லிஃப்ட் ஓடியது.

சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது. இயந்திர அறையில் பரிசோதகர் வெள்ளை அணியலாம். கூட்டங்களில் வழக்கம்போல் பிசினஸ் கேஷுவல். அவர் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறார். காலையில் கலர் சட்டை, பையில் மடித்த வெள்ளை, மாடி ஏறுமுன் மாற்று, இறங்கியதும் மறுபடி மாற்று. முன்பு ஒரு நாளைக்கு ஒன்று அழுக்கானது, இப்போது இரண்டு. “வெள்ளைக்காரருக்கு விடுதலை கிடைச்சுது, எனக்குத்தான் ரெண்டு ஷிஃப்டு” என்று மனைவி மகளிடம் புலம்புகிறார்.

சென்ற வாரம் அதே மருத்துவமனையில் கூட்டம். ரோஜா நிறச் சட்டையின் முறை. “இதைப் போட்டா ஐஸ்கிரீம் கடைக்காரன் மாதிரி இருக்கேன்” என்று அரை மணி நேரம் முனகிவிட்டுத்தான் கிளம்பினார். கிளம்பிய வேகத்தில் சாப்பாட்டுப் பையை மேசையிலேயே விட்டுவிட்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு, பையோடு மூன்றாம் மாடிப் பால்கனிக்கு ஓடிக் கூப்பிட வாயெடுத்தவர், அப்படியே நின்றார்.

கீழே, தெருவோரம் நிறுத்தியிருந்த கார் ஒன்றின் அருகில் அவர் நின்றிருந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை என்றானதும் கண்ணாடி ஜன்னலுக்கு நேரே கொஞ்சம் குனிந்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.