கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்தவர்

வாயைத் திறந்தால் குத்துவார் என்பதால் மைக்செட்டுக்காரருக்குத் தெருவில் பெயர் முள்ளு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடமே "மைக்கைத் தட்டாதீங்க, அது என்ன கதவா?" என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்கியவர்.

ஜனங்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் பதவியேற்கும் நாள். தலைநகரில் எள் போட்டால் எள் விழாது. மேடைக்கு மூன்று தெரு தள்ளிப் பன்னிரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள் முள்ளின் பொறுப்பு. கான்ட்ராக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்:

"போன விழா மாதிரி சத்தம் நின்னுச்சுன்னா, இனிமே என் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காத."

பத்து மணிக்குக் கூட்டம் தடுப்புக் கட்டையைச் சாய்த்தது. அதில் கட்டியிருந்த ஒயர் அறுந்து, பன்னிரண்டு குழாய்களும் ஊமையாயின. முள்ளு தரையில் உட்கார்ந்து இரண்டு நுனியையும் முறுக்கினார். டேப் இருந்த பை எவன் காலடியில் போனதோ! கைக்குட்டையைச் சுற்றி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். குழாய்கள் பேசின. கையை எடுத்தால் நின்றுவிடும்.

"யோவ், நிக்கவே இடமில்ல, நீ சப்பணம் போட்டு உக்காந்திருக்க?" என்றார் ஒரு தொப்பிக்காரர்.

"உன் தொப்பியைக் கழட்டு, ரெண்டு பேரு நிக்கலாம்."

"குடிச்சிருக்கான், இழுத்துப் போடுங்க," என்றாள் பக்கத்திலிருந்த அக்கா.

"குடிக்கத் தண்ணியே கிடைக்கல தாயே. நீயாவது ஊத்து."

ஊற்றினாள். தலையில்.

"ஒயர்ல படாம ஊத்து," என்றார் முள்ளு, குனிந்து மறைத்தபடி.

தலைவர் உறுதிமொழி எடுக்கும் நேரம், தொப்பிக்காரர் அவரைக் காலால் நெட்டித் தள்ளினார். முள்ளுக்கு இரண்டு கையிலும் வேலை. வாய் மட்டும் சும்மா இருந்தது. கெண்டைக்காலைக் கடித்துவிட்டார்.

தொப்பிக்காரர் நொண்டிக்கொண்டே ஒரு போலீஸ்காரரைக் கூட்டிவந்தார்.

"எழுந்திரு."

"நான் எழுந்தா அவர் பேச்சு நின்னுரும் சார். அப்புறம் உங்க இஷ்டம்."

போலீஸ்காரர் குழாயை அண்ணாந்து பார்த்தார். கைக்குட்டையைக் குனிந்து பார்த்தார்.

"பேசி முடிக்கட்டும். அப்புறம் ஸ்டேஷனுக்கு வா."

லத்தியைக் குறுக்கே பிடித்து நின்றவர், முதலில் தள்ளியது தொப்பிக்காரரைத்தான்.

நாற்பது நிமிஷம் பேச்சு. முள்ளு கண்டதெல்லாம் முழங்கால்கள். தலைவர் குட்டையா நெட்டையா என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. தெருவே அழுதது, தண்ணீர் ஊற்றிய அக்கா உட்பட. முள்ளு மூக்கைக்கூடத் துடைக்கவில்லை. கை காலியாக இல்லை.

பேச்சு முடிந்தது.

"போலாம் சார்," என்றார் முள்ளு.

விரல்கள் விரியவில்லை. போலீஸ்காரர்தான் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டார்.