லோசனி மேடத்தின் சனிக்கிழமை வகுப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. எடுத்தால் நித்யா.

"ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. அப்பா பேசவே மாட்டேங்கறார். யாருக்குச் சொல்றது, என்ன பண்றது, குச் பீ சமஜ் ஆகல, ஒண்ணுமே புரியல."

புனேயில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் எப்போதும் கொஞ்சம் தடுமாறும். அன்று அவளுக்கு எந்த மொழியும் தடுமாறியிருக்கும். "நான் வர்றேன்மா. நீ அப்பா பக்கத்துல உக்காரு" என்று சொல்லி வைத்தேன். எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வீட்டைப் பூட்டினேனா என்ற நினைவே வந்தது.

மீனலோசனி நடராஜன் புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் நான் வேலை பார்க்கும் ஜூனியர் காலேஜில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவர். எங்கள் எல்லோருக்கும் லோசனி மேடம். கணவர் நடராஜனுக்கு இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வந்து தாபோடியில் குடியிருந்தார்கள். ஒரே மகள் நித்யா.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் எங்களோடு சேர்ந்த முதல் பருவத்திலேயே கணிதத்தில் பாதி வகுப்பு தோற்றது. பிள்ளைகள் சோம்பேறிகள் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசி முடித்துவிட்டோம். அவர் மட்டும் தோற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வீட்டில் எப்படிப் படிக்கிறாய், காட்டு என்று கேட்டார். பிறகு உயிரியல் ஆசிரியையான என்னிடம் வந்து சொன்னார்:

"சோம்பேறி இல்லீங்க சாந்தா. கண்ணு செவக்கச் செவக்கப் படிக்கிறாங்க. படிக்கிறதுன்னா என்ன பண்ணோணும்னு அவங்களுக்கு யாருமே சொல்லல."

முதல்வரிடம் கெஞ்சிக் கூத்தாடி சனிக்கிழமை கடைசி வகுப்பை வாங்கினார். எப்படிப் படிப்பது, பிறகு என்ன செய்வது, இவ்வளவுதான் பாடம். பத்து வருடம் பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் படிக்கச் சொல்லித்தருகிறாராம் என்று எங்களில் சிலர் சிரித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தை எல்லோரும் படித்தார்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, படித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லச் சொன்னார். பாதிப் பேருக்கு வாயே திறக்கவில்லை. "புத்தகம் தொறந்திருக்கிற வரைக்கும் எல்லாம் தெரிஞ்ச மாதிரித்தான் இருக்கும். மூடினாத்தான் நம்ம யோக்கியதை தெரியும்" என்றார். இதை அவர் சொன்னது இந்தியில். ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாக வரும். மாணவர்கள் சிரித்துத் திருத்துவார்கள். அவரும் நன்றி சொல்லி, சரியாக ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு மேலே போவார்.

நேர அட்டவணை போடும்போது தூக்கத்தையும் சாப்பாட்டையும் முதலில் எழுதச் சொல்வார். அன்றைய பாடத்தை அன்றே ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொல்வார். விடைத்தாள் திரும்பி வந்தால் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், எது தெரியாமல் போனது, எது அவசரத்தில் போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விடுமுறையில் மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனை ஆய்வுக்கூடம், வங்கி, தொழிற்சாலையின் வரைபடப் பிரிவு என்று கூட்டிப்போவார். "வேலைய நேர்ல பாக்காம எப்படிங்க அதுக்கு ஆசைப்படறது?" என்பார். ஏரவாடாவில் வீட்டு வேலை செய்யும் ஒரு தாயின் மகள் அப்படிப் பார்த்த ஆய்வுக்கூடத்திலேயே மனதை வைத்து, இன்று ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். அப்படி நிறைய பேர். இரண்டு மூன்று வருடங்களில் சிரித்தவர்களே தங்கள் பிள்ளைகளை அந்த வகுப்புக்கு அனுப்பினார்கள்.

நித்யாவும் எங்கள் கல்லூரியில்தான் படித்தாள். அம்மா சொன்னதை அப்படியே செய்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். அம்மா எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த திட்டத்தின்படியே பொறியியல் கல்லூரியிலும் சேர்ந்தாள். மற்ற பெற்றோர்களுக்கு அவள்தான் உதாரணம்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள், ஏதோ ஒரு சான்றிதழ் விஷயமாக லோசனி மேடம் மகளின் கல்லூரிக்குப் போனார். அலுவலகத்தில் இருந்தவர் பதிவைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெண் இந்தப் பருவம் முழுக்க வரவே இல்லையே" என்றாராம்.

தினமும் காலையில் பையும் டிபன் பாக்ஸுமாக அவள் கிளம்பிக்கொண்டுதான் இருந்தாள். மாலையில் திரும்பி வந்துகொண்டும் இருந்தாள்.

அன்று மாலை அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தங்கரைல போய் உக்காந்திருக்கா சாந்தா. மழை பேஞ்சா ஸ்டேஷன்ல. ஏன் கண்ணு போகலைன்னு கேட்டேன். கேட் வரைக்கும் போனேன், உள்ள போக முடியலங்கறா. அவளுக்கே ஏன்னு தெரியல. அதெல்லாங்கூடப் பரவால்லீங்க. என்ற பொண்ணு எங்கிட்டச் சொல்லப் பயந்திருக்கா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

வீட்டில் நடராஜன், "ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் வழி சொல்றே. நம்ம புள்ள எங்க போறான்னு உனக்குத் தெரியலியா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி லோசனி மேடத்திடம் மட்டும்தான் கேட்கப்பட்டது. பிறகு அதைப் பிம்ப்ரியே கேட்டது.

நித்யா படிப்பை விட்டாள். செய்தி பரவ அதிக நாளாகவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "மேடம், ஆப்கீ பேட்டீ ஆஜ்கல் க்யா கர்தீ ஹை?" என்று கேட்டார். உங்கள் மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டதில் அக்கறை ஒன்றும் இல்லை. சில பேர் சிரித்தார்கள். நான் லோசனி மேடத்தின் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

எழுந்து நின்று, தன்னுடைய தப்பும் தவறுமான இந்தியிலேயே சொன்னார். "வீட்டில் இருக்கிறாள். படிப்பை விட்டுவிட்டாள். நான் போட்ட திட்டத்தில் தூக்கத்துக்கு இடம் இருந்தது, சாப்பாட்டுக்கு இருந்தது. என்னால் முடியவில்லை என்று சொல்ல இடம் இல்லை. அதை நான் பார்க்கத் தவறினேன். உங்கள் வீட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்."

கூட்டம் கலைந்தது. பல பெற்றோர்கள் அதன்பிறகு பிள்ளைகளைச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். வகுப்பை விட்டுவிடுங்கள் என்று முதல்வரும் ஜாடையாகச் சொன்னார். லோசனி மேடம் விடவில்லை. பாதி பெஞ்சுகள் காலியாக இருந்த அறையில் தொடர்ந்து நடத்தினார். புதிதாக ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொண்டார். அட்டவணை போட்டு முடித்ததும் ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்பார்: "இது நடக்கலைன்னா யார்கிட்டப் போய்ச் சொல்லுவ?" பெயர் சொல்ல முடியாத பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, "என்கிட்ட வா" என்பார். வந்தார்கள். ஆசிரியர் அறையின் மூலையில் அழுதுவிட்டுப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே இவ்வளவு மாறியவருக்கு வீட்டில் மாறுவது சுலபமாக இருக்கவில்லை. ஒன்றிரண்டு வருடம் வீட்டில் இருந்த நித்யா, பிம்ப்ரி கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதை யாரிடமும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒருநாள் தபால்வழிப் பட்டப்படிப்பு விண்ணப்பம் ஒன்றை வாங்கிவந்து, மகளின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"மறுபடியுமா?" என்று கத்தினாளாம் நித்யா. "உனக்கு நான் போதாதும்மா. எப்பவுமே போதாது."

அந்த வாரமே ஏரவாடா பக்கம் இரண்டு தோழிகளோடு அறை எடுத்துப் போய்விட்டாள். அதன்பிறகு பண்டிகைக்கு வருவாள், சாப்பிடுவாள், போவாள். "என்ற அம்மிணி விருந்தாளி மாதிரி தட்டக் கழுவி வெச்சுட்டுப் போறாங்க" என்றார் ஒருமுறை. சிரிக்க முயன்றார், முடியவில்லை. நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். "வேண்டாங்க. நீங்க சும்மா இருங்க, அதே போதும்" என்றார். 

போன வருடம் நோய் வந்தது. வயிற்றில் புற்று என்று தெரிந்தபோதே தாமதமாகியிருந்தது. மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். நடராஜன்தான் மனைவியின் பேச்சைக் கேட்காமல் ஏரவாடாவுக்குப் போய், அந்த அறையின் வாசலில் நின்று சொன்னார். அன்று மாலையே நித்யா பெட்டியோடு வந்தாள். எத்தனை நாள் இருப்பாய் என்று அம்மா கேட்கவில்லை. வேலை என்னாகும் என்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்குத் தெரியும். உதடு அசையும், பிறகு அடங்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அப்படியில்லை. அந்த ஆற்றங்கரை நாட்களைப் பற்றி அம்மாவும் மகளும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. நித்யாவே தகனம் முடிந்து திரும்பும்போது என்னிடம் சொன்னாள். "பேசணும்னு ரெண்டு பேருக்குமே இருந்துச்சு ஆன்ட்டி. யார் ஸ்டார்ட் பண்றதுன்னு தெரியல."

ஆனால் போன மாதம் நான் பார்த்தது ஒன்று உண்டு. மருந்தின் வேகத்தில் லோசனி மேடத்துக்குப் பார்வை மங்கியிருந்தது. நான் போன அன்று நித்யா கடை முதலாளியிடம் கேட்டு, கண் பரிசோதிக்கும் கண்ணாடிச் சட்டத்தையும் லென்ஸ் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்து, முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டாள். எதிர்ச் சுவரில் காலண்டர்.

"அம்மா, இதுவா, இதுவா? எது கிளியரா இருக்கு?"

"ரெண்டாவது."

"சும்மா சொல்லாதம்மா. எனக்காகச் சொல்ல வேண்டாம். நல்லாப் பாத்துச் சொல்லு."

வெகுநேரம் பார்த்தார். கணக்கில் ஒருபோதும் தயங்காதவர். அந்த அம்மாவின் முகம் ஒரு குழந்தையின் முகம்போல ஆனது.

"தெரியல அம்மிணி. எனக்கு ஒண்ணுமே தெரியல."

"சரி. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, நித்யா பெட்டியிலிருந்து அடுத்த லென்ஸை எடுத்துத் துடைத்தாள். அம்மா கண்ணை விரித்துக்கொண்டு, அவள் போடட்டும் என்று காத்திருந்தார்.

அப்படியே நிம்மதியாக இருங்கள், லோசனி. சனிக்கிழமை வகுப்பை இனி நான் எடுக்கிறேன்.