நவாஸ் நானா அசல் என்று சொன்னவை

நவாஸ் நானா செவ்வாய்க்கிழமை காலை மாவனல்லையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார். என்னிடம் வரத்தான் புறப்பட்டிருந்தார். றக்வானப் பக்கத்துத் தோட்டக் கிளப் ஒன்றில் என் கடைக்காக நான் வாங்கிய பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் கால்சுவிட்ச், அதனுடன் வந்த அசல்தானா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டை விட்டு இறங்கும்போது போனில், "அத யாரையும் தொடைக்க விடாதீங்க மொதலாளி, நான் வந்து பாக்குறேன்" என்றார். பகலாகியும் ஆளைக் காணவில்லை என்று அழைத்தேன். அவர் மகள் எடுத்தாள். "வாப்பா மௌத்தாகிட்டாங்க அங்கிள்." யாருடைய வாப்பா என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்ட வாயை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

அவருடன் பழகியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கால்சுவிட்ச் என்பது வாசிப்பவர் எக்கோவைக் காலால் மிதித்துப் போட்டு நிறுத்தும் சின்ன இரும்புப் பெட்டி. ஆம்ப் ஒரு பக்கம் போகும், அது ஒரு பக்கம் தொலையும். பிறகு கையில் கிடைத்ததைச் சொருகிவிடுவார்கள். அசல் கூடவே இருந்தால் கொழும்பில் கிடைக்கும் விலையே வேறு. எது அசல் என்று அவர் சொல்வார், நான் விற்பேன். முதல் தடவை நான் பெயர்த் தகட்டைத்தான் அவரிடம் காட்டினேன். அவர் பெட்டியைக் கவிழ்த்தார். திருகாணி, ரப்பர் கால், வயர் நுழையும் துளையின் தேய்மானம், உள்ளே ஈயம் வைத்த விதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பேர யாரும் அடிச்சு ஒட்டலாம் மொதலாளி. அடிப்பக்கத்துக்கு எவனும் மெனக்கெட மாட்டான்."

எங்கள் பெல்மதுளை மாணிக்கக்கல் ஊர். எதையும் தீட்டிப் பளபளப்பாக்கித்தான் விலைக்கு வைப்போம். கல் தரகர் சிறிபால மாத்தயா ஒருமுறை கொண்டுவந்த சுவிட்ச் கண்ணாடிபோல மின்னியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்.

"அழுக்கோட கொண்டாந்தா யாரு நானா வாங்குறது?"

"மொகத்த கழுவினீங்க சரி மாத்தயா. ஐடென்டிட்டி கார்டையும் சேத்தா கழுவுறது?"

சிறிபாலவே சிரித்துவிட்டார். அது அசலாகவே இருந்திருக்கலாம். நானா தெரியாது என்றே சொன்னார். எனக்குக் கைக்கு வந்த வியாபாரம் போயிற்று, கோபமும் வந்தது.

அவரும் தவறியிருக்கிறார். வருடக்கணக்குக்கு முன் அவர் அசல் என்று சொன்ன ஒன்றைக் கேகாலையிலிருந்து ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே பிற்காலத்தில் மாற்றிய பாகம் இருந்தது. நானா மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அதை எடுத்துக்கொண்டார். இவ்வளவு காலம் கழித்து எதற்கு என்று நான் சண்டை பிடித்தேன். "என் பேச்ச நம்பித்தானே வாங்கினாரு. பேச்சுக்கு நான் எக்ஸ்பயரி டேட் போடலியே" என்றார்.

காலையில் போனில் பேசிய மனிதரை அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். வேன் பிடித்துப் போய்ப் பள்ளிவாசல் வாசலில் நின்றேன். வழக்கப்படி அவருடைய தம்பி எழுந்து, "நானா யாருக்காவது எதும் குடுக்க இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க" என்று அறிவித்தார். கடன் என்று யாரும் முன்வரவில்லை. பிறகு வீட்டில் மகள் என்னிடம் கேட்டாள்: "வாப்பா எத்தன பேருக்கு அசல்னு சொல்லிக் குடுத்திருக்காங்க அங்கிள். அதுவும் கடன்தானே. யாராவது திருப்பிக் கொண்டுவந்தா நாங்க என்னத்தப் பாக்குறது?"

"என்கிட்ட அனுப்பும்மா" என்றேன். பெரிய மனது ஒன்றும் இல்லை. அவர் பேச்சை வைத்துத்தான் நான் விற்றேன். இலாபத்தில் பாதி எடுத்தவன் பேச்சிலும் பங்கெடுக்க வேண்டும்.

றக்வானச் சுவிட்ச் என் மேசையில் தூசியோடு கிடக்கிறது. கவிழ்த்துப் பார்த்தேன். பாதி புரிகிறது, அசல் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்று சொல்லியே விற்பேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் கொடுத்த வாக்கு மட்டும். நவாஸ் நானா அசல் என்று சொன்ன ஏதாவது அசல் இல்லை என்று தெரிந்தால், என் கடைக்குக் கொண்டுவாருங்கள். கொடுத்த விலை முழுதாகத் திரும்பும். பஸ் செலவு என்னுடையது. காலக்கெடு இல்லை. துடைக்காமல் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.