துருப்பிடிக்க விடாத பறவை

காஞ்சிபுரத்தில் ஒரு சிலையை வைத்துவிட்டு, அது சாமி இல்லை என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் துணிச்சல் எங்கள் நால்வருக்கு இருந்தது. அறிவு இருந்ததா என்று கேட்காதீர்கள்.

தென்னேரிக்கு அப்பால் ஒரு சிற்றேரி. அதற்குள் நின்ற கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். நாட்டில் அருகிவரும் பறவை என்று படித்திருந்தோம். நாங்கள் எதையும் படித்துத்தான் தெரிந்துகொள்வோம். அந்த மரங்களை விறகுக்கு ஏலம் விடப்போவதாகச் செய்தி வந்தது. நிறுத்த வேண்டுமானால் மனு வேண்டும், மனுவுக்கு ஊர்க்காரர்களின் கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போட அவர்களுக்குப் பறவை தெரிய வேண்டும். சேலைக் கரையில் அன்னப்பட்சியும் இருதலைப்பட்சியும் நெய்கிற ஊர் இது. உயிரோடு பறக்கிற எதையும் இங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆகவே இரும்பில் ஒரு கூழைக்கடா செய்து பூங்காவில் வைப்பதென்று முடிவாயிற்று. நாலு பேரைப் பஸ் ஏற்றி ஏரிக்கே அழைத்துப்போய்க் காட்டலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற இன்ஜினியர். வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு தினுசு எஃகைப் பற்றிப் படித்திருந்தார். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து அதன்மேல் துரு படியுமாம். அந்தத் துருவே தோலாகி உள்ளிருக்கும் இரும்பைக் காக்குமாம். பெயின்ட் செலவே இல்லை. எங்கிருந்தோ தகடு வரவழைத்து, லாரி பாடி கட்டும் ஷெட்டில் வெட்டிப் பற்றவைத்தோம். கூழைக்கடாவுக்கு அழகே நீண்ட அலகும் தொங்கும் பையும்தான். "பசங்க கண்ணைக் குத்திடும் சார்" என்றார் பூங்கா மேற்பார்வையாளர். அலகைப் பாதியாக நறுக்கினோம். பையும் போயிற்று. மிச்சம் நின்றது என்ன பறவை என்று எங்களைத் தவிர ஊருக்கே தெரிந்திருந்தது.

முதல் சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், காலடியில் எள் விளக்கு. தலை முதல் வால் வரை நல்லெண்ணெய்.

"அம்மா, எண்ணெய் ஊத்தாதீங்க. இது துரு பிடிக்கணும்" என்று தலைவர் அங்கிருந்த ஓர் அம்மாளிடம் கெஞ்சினார்.

"சனீஸ்வரன் வாகனம் துரு பிடிக்கணுமா? வயசானவரு பேசற பேச்சாப்பா இது?"

"இது காக்கா இல்லம்மா, கூழைக்கடா."

"பேரு எதுவா இருந்தா என்னா? சனிக்கு உண்டான இரும்புலதானே உக்காந்துக்கினு இருக்குது? உனக்கு ஏழரை நடக்குதுபோல, அதான் இப்பிடிப் பேசற. நீயும் ஒரு வெளக்கு ஏத்து, சரியாப்பூடும்."

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு வைணவக் கோஷ்டி, இது கருடன்தான் என்று வாதாடிப் பார்த்து, எண்ணெய் வாசனையில் தோற்றுத் திரும்பியது.

நான் பக்கத்தில் மேசை போட்டு மனுவோடு உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமைக் கூட்டம் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. எல்லாம் என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வாலாஜாபாத் விறகுக் கடைக்காரர் ஒருவர் வந்து, விளக்கேற்றிவிட்டு என்னிடம் குனிந்தார்.

"ஏரி மரம் ஏலம் வருது சார். நம்ம பேருக்கே விழணும்னு வேண்டிக்கினு வந்தேன்."

"ஐயா, இந்த மனுவே அந்த ஏலத்தை நிறுத்தச் சொல்லித்தான்..."

"அதெல்லாம் படிச்சவங்க நீங்க பார்த்துச் சொல்லுங்க சார்" என்று மனுவை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "கும்ப ராசி, சதயம். பக்கத்துல எழுதிட்டேன். சத்தமா சொல்லிடுங்க."

அப்போதுதான் மற்ற கையெழுத்துகளை ஒழுங்காகப் பார்த்தேன். எல்லாவற்றின் பக்கத்திலும் ராசியும் நட்சத்திரமும் இருந்தன. இருந்தாலும் ஏலம் விடும் அதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போனோம். ஏலத்துக்கு முன் வேறு கையெழுத்து வாங்க நேரமில்லை.

அதிகாரி புரட்டினார். "ரேவதி, மீனம். பூசம், கடகம். இது எனக்கு மனுவா சார், அர்ச்சனைச் சீட்டா?" இன்னொரு பக்கம் திருப்பினார். "ஏலம் கேக்கறவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்புறம் யாருக்கு ஆட்சேபணை?"

ஏலம் கும்ப ராசிக்கே விழுந்தது. மனிதர் நன்றி மறக்காதவர். அடுத்த மாதமே, பறவை மழையில் நனையாதபடி பூங்காவில் ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்.

"ஏற்கெனவே எண்ணெய். இப்பக் கூரை வேற. இனி எப்படிய்யா துரு பிடிக்கும்?" என்று தலைவர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

நான் கொட்டகையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவேலங்கால்கள். பட்டையைக்கூடச் சீவாமல் நட்டிருந்தார்கள். அவற்றின் மேல் கூழைக்கடாக்களின் எச்சம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.